கொல்லையில் நின்ற வீரக்கல்

நம் சங்கத்துப் பெரியோர் ஒருவர் சென்ற ஐப்பசித் திங்களில் எமக்கு ஒரு பணி இட்டனர். நம்மவர் ஒருவருடைய புன்செய்க் கொல்லையில் பழைய வீரக்கல் ஒன்று வெளிப்பட்டிருக்கின்றது. அதனைப் பெயர்த்துக் கொணர்ந்து சங்கக் கட்டடத்தின் முன்றிலில் நிறுத்த எண்ணியுள்ளோம். அதில் உருவாய் நிற்பவன் நம் குலத்து முன்னோனே என்பதனை நிலைநாட்டி இவ்விதழுக்கு ஒரு கட்டுரை வரைந்து தருக என்பது அவர் கட்டளை. யாம் சங்கத்து மாணவர் விடுதியில் உண்டு உறங்கிக் கற்றேம். எம் புலவர் வகுப்பிற்குப் பணம் கட்டியவரும் அப்பெரியோரே. ஆதலின் மறுத்துரைத்தல் எமக்கு எளிதன்று. கல்லை நேரிற் கண்டபின் எழுதுவோம் என்று மட்டும் விடையிறுத்துப் புறப்பட்டோம். கண்டு வந்ததன் பயனே இக்கட்டுரை. அவர் கேட்டது இஃதன்று. ஆயினும் அவரே இதனை முழுதும் படித்து அச்சிற்கு விடுத்தனர் என்பதனை முதற்கண் நன்றியுடன் கூறிக்கொள்கின்றோம்.

கல் நிற்கும் ஊர் செங்கத்தை அடுத்ததொரு சிற்றூர். நிலத்திற்கு உரியவர் எமக்குத் தாய்மாமன் முறையாவார். ஊர்ப் பெயரையும் அவர் பெயரையும் வேண்டுமென்றே விடுத்தோம். வீரக்கல்லின் அடியிற் பொன் இருக்கும் என்று நம்பி இரவில் கடப்பாரையோடு வருவார் அப்பக்கத்தில் இன்னும் ஒழிந்திலர். நிலம் மூன்று ஏக்கருக்குச் சிறிது குறையும். மழையை நம்பி நிலக்கடலை விளைப்பர். அதன் மேற்கு வேலியில் சீமைக் கருவேல் மண்டி, ஆள் நுழைய இயலாத புதராய்க் கிடந்தது. இவ்வாண்டு ஆழ்துளைக் கிணறு இறக்கக் கருதி, ஊரார் ஜே.சி.பி. என வழங்கும் மண்வாரி வண்டியைக் கொணர்ந்து புதரை வாரினர். வாரியபொழுது மார்பளவு உயரமுள்ள பலகைக்கல் ஒன்று சிறிது சாய்ந்தபடி நிற்கக் கண்டனர். வண்டியோட்டி அதனையும் ஒரு தள்ளுத் தள்ளிவிட முனைந்தபொழுது, வீட்டு மூதாட்டியார் ஓடிவந்து, "அது வேடியப்பன், தொடாதே" என்று கூவித் தடுத்தனராம். அவ்வம்மையார் தடுத்திராவிடின் இக்கட்டுரைக்கு இடமே இல்லை.

வேடியப்பன் என்பது செங்கம், தருமபுரி, கிருட்டிணகிரிப் பக்கங்களில் வீரக்கற்களுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர். கல்லில் உள்ளவன் யாவன், எக்காலத்தான் என்பது மறந்து போயிற்று; வில்லேந்திய கடவுள் என்ற நினைவு மட்டும் நிலைத்தது. மூதாட்டியார் மணம்புரிந்து வந்த நாளில் அவ்விடத்தில் முள் இல்லையாம். பொங்கல் மறுநாளில் மாட்டை ஓட்டிச் சென்று கல்லின்முன் தேங்காய் உடைப்பராம். தம் வீட்டார் மட்டுமல்லர், வேறு இரு தெருவினரும் அங்கே பொங்கலிடுவர் என்றும், அவர் நம் குலத்தார் அல்லர் என்றும் அவர் கூறினர். இச்செய்தியை அன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

யாம் சென்றபொழுது வீட்டார் கல்லைக் கண்டு மகிழும் நிலையில் இல்லை. அஞ்சிக் கிடந்தனர். பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவர், "தொல்பொருள் துறையார் அறிந்தால் நிலம் முழுவதையும் கம்பி வேலியிட்டு எடுத்துக்கொள்வர், இரவோடு இரவாக உடைத்து மோட்டார் அறைக்குக் கடைக்கால் இட்டுவிடுக" என்று அறிவுரை தந்து சென்றிருந்தார். மாமன் எம்மைத் தனியே அழைத்து, "மாப்பிள்ளை, சங்கத்தார் எடுத்துச் செல்வதாயின் நாளைக்கே செல்லட்டும், என் தலைக்கு வம்பு வேண்டா" என்றனர். ஒருபுறம் உடைத்தல், மற்றொருபுறம் பெயர்த்துக் கொண்டுபோதல். இரண்டிற்கும் நடுவே அக்கல் தன் பாட்டில் நின்றது.

காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் கல்லைப் பார்த்தோம். தேய்ந்த கல்லை உச்சிப் பொழுதிற் பார்த்தல் வீண். மண்ணை நீராற் கழுவித் தென்னை நாரால் மெல்லத் துடைத்தபின் உருவம் ஒருவாறு புலப்பட்டது. இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், தலையில் ஒருபுறமாகச் சாய்ந்த கொண்டை, கால் முன்னே பாயும் நிலை. அடியில் கெண்டியும் சிமிழும் போன்ற இரு சிறு வடிவங்கள். செங்கப் பக்கத்து வீரக்கற்களைக் கண்டு பழகியார்க்கு இவை யாவும் அறிமுகமானவையே. தலைக்குமேல் வட்டெழுத்தில் நான்கு வரிகள் இருந்தன. இருந்தன என்பதன்றி இருக்கின்றன என்று கூறவொண்ணாது. நடுவே உள்ளங்கை புதையும் அளவிற்குப் பள்ளம் பறிந்து எழுத்தை விழுங்கிவிட்டது. கடை வரியின் இறுதியில் 'கல்' என்னும் சொல் மட்டும் ஐயமின்றி நின்றது. அதற்குமுன் 'பட்டான்' என்று இருத்தல் கூடும் என்பது இத்தகைய கற்களின் வழக்கு நோக்கி யாம் ஊகிப்பது. அரசன் பெயரும் போயிற்று, ஆட்சியாண்டும் போயிற்று, வீரன் பெயரும் போயிற்று.

அப்பள்ளம் எங்ஙனம் உண்டாயிற்று என வினவினோம். கதிர் அறுக்க வருவோர் நிழலில் அமர்ந்து அரிவாளைத் தீட்டிய இடம் அஃது என்றனர் மூதாட்டியார். தாமும் தீட்டியதுண்டு எனக் கூறி நாணினர். எமக்கோ அகநானூறு நினைவிற்கு வந்தது. அம்பினைத் தீட்டித் தீட்டி எழுத்து மழுங்கியமையால், வழிச்செல்வோர் கூட்டிப் படிக்கமாட்டாமல் விட்டுச் செல்லும் நடுகல் ஒன்றை அந்நூற்புலவர் ஒருவர் பாலை நிலத்தில் வைத்துக் காட்டுகின்றார். வகுப்பில் பலகால் உரைசொல்லி வந்த அச்செய்தியை, அம்பிற்கு ஈடாக அரிவாளை வைத்து, எம் மாமன் கொல்லையிற் கண்டோம். அம்மையாருக்கு அதனைச் சொன்னபொழுது, "அப்படியானால் எங்களுக்கு முன்னும் தீட்டினார்களா?" என்று கேட்டு அவர் சிறிது ஆறுதல் அடைந்தனர்.

நிறுத்திய கற்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல என்பதனை ஈண்டு விளக்குதல் தகும். உருவும் எழுத்தும் இன்றி நெட்டையாய் நிற்பனவும் உள. அவற்றைக் குத்துக்கல் என்றும் நெடுங்கல் என்றும் வழங்குவர். இவை பெரும்பாலும் இரும்புக்காலத்துப் பெருங்கற் படையைச் சார்ந்தவை. ஈமக்குழியையும் தாழியையும் ஒட்டி நிற்பவை பல. தெலுங்கானத்தில் கிருட்டிணை ஆற்றங்கரையை அடுத்த முடுமாலில் இத்தகைய நெடுங்கற்கள் பெருந்தொகையாக நிற்கின்றன. நம் நாட்டு வீரக்கல் இந்த நெடுங்கல் மரபினின்றும் கிளைத்தது என்பது அறிஞர் பலர் துணிபு.

தொல்காப்பியர் புறத்திணையியலில் கல்நிறுத்தும் முறையை ஆறு துறையாக வகுத்தனர். தக்க கல்லைத் தேடிக் காண்டல், அதனைக் கொள்ளத் தொடங்குதல், நீராட்டுதல், நடுதல், படையலிட்டுச் சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என அவை அமையும். இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்கு இத்துறைப் பெயர்களையே பெரும்பாலும் சூட்டினர். அங்கே கல் இமயத்தினின்று வந்து கங்கையில் நீராடியது. கற்புடை மகள் ஒருத்திக்குச் சேர வேந்தன் செய்ததும், ஆநிரை காத்து மாய்ந்த ஓர் இளைஞனுக்கு ஊரார் செய்ததும் முறையால் ஒன்றே என்பதனை எண்ணுந்தோறும் எமக்கு வியப்புண்டாகின்றது.

ஆயினும் இலக்கியம் கூறுவதனை அவ்வாறே ஏற்கத் தயங்கினாரும் உளர். நடுகல்லில் பெயரும் பீடும் எழுதினர் எனச் சங்கப் புலவர் பாடினரேனும், கையிற் கிடைத்த எழுத்துடைய வீரக்கற்கள் அவர்க்குப் பல நூற்றாண்டு பிற்பட்டனவாகவே இருந்தன. 2006ஆம் ஆண்டில் அவ்வையம் நீங்கியது. தேனி மாவட்டத்து வைகைப் பள்ளத்தாக்கில் உள்ள புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் தமிழ்ப்பிராமி எழுத்துப் பொறித்த மூன்று கற்களைக் கண்டனர். அவற்றில் உருவம் இல்லை; எழுத்து மட்டுமே உண்டு. அவை கிறித்துவிற்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்பர். ஒரு கல், கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட அந்தவன் என்பானுக்கு எடுத்தது. ஆகோள் என்னும் இச்சொல் தொல்காப்பியத்தில் வெட்சித் திணையில் வருவது. உரையாசிரியர் விளக்கத்தின் வழியாகவே நாம் அறிந்திருந்த சொல்லொன்று, உளி கொண்டு வெட்டப்பட்டு மண்ணிலிருந்து எழுந்து வந்தது. தமிழ்கற்றார்க்கு இதனினும் பெரிய புதையல் வேறு உண்டோ?

இனிச் செங்கத்திற்கு வருவோம். அப்பகுதியில் தமிழகத் தொல்லியல் துறையார் ஊர் ஊராகச் சென்று திரட்டிய கற்களின் செய்தி, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972ஆம் ஆண்டில் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளிவந்தது. பல்லவ வேந்தரின் ஆட்சியாண்டு, அவருக்குட்பட்ட தலைவர் பெயர், வீரன் பெயர், அவன் பட்ட காரணம் ஆகியவை அக்கற்களில் சுருங்கிய சொற்களிற் காணப்படுகின்றன. அவற்றுள் எடுத்தனூர்க் கல்லினை நம் குடும்பத்துச் சிறாரும் அறிந்திருத்தல் வேண்டும். முதலாம் மகேந்திரவர்மனுடைய 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்பான் பட்டான். அவனுக்குக் கல் எடுத்தவர் அவனோடு அவனுடைய நாயையும் செதுக்கினர். நாயின் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது எனக் கல்லே கூறுகின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டாகியும் அந்நாயின் பெயர் அழிந்திலது. எம் மாமன் கொல்லையில் நிற்பவனுக்கோ, மனிதனாய்ப் பிறந்தும், பெயர் இல்லை.

இங்கேதான் நம் பெரியோர் இட்ட பணி எம்மை வருத்தியது. பெயரில்லாதவனுக்கு நாம் பெயர் இட்டால் என்ன என்று எம் மனமும் ஒருகணம் கேட்டதுண்டு. நம் குலத்தில் வில்வீரர் இருந்திருத்தல் இயலாததன்று. ஆனால் இருந்திருத்தல் கூடும் என்பது வேறு. இவன்தான் அவன் என்பது வேறு. எழுத்து முழுதும் நின்றிருந்தாலும் நாம் வேண்டும் செய்தியை அது தந்திருக்கும் எனல் அரிது. எடுத்தனூர்க் கல் கருந்தேவக்கத்தியின் பெயரைக் கூறுகின்றது. அவன் காத்த எருமையைக் கூறுகின்றது. அவன் நாயையும் கூறுகின்றது. அவனை இன்று வழங்கும் சாதிப் பெயர் எதனாலும் கூறவில்லை. கல்லை எடுத்த மக்கள் எதனை நினைவில் வைக்கத்தக்கது என்று கருதினரோ அதனையே வெட்டினர். அவர் வெட்டாததை நாம் வண்ணம் பூசி எழுதினால் அது சாசனம் ஆகாது. விளம்பரப் பலகை ஆகும்.

மற்றொன்றும் உண்டு. பொங்கலிடும் ஏனை இரு தெருவினர் நம் கட்டுரையைப் படித்தால் வாளா இருப்பரோ? அவரும் தத்தம் சங்கத்து இதழில் தம் முன்னோன் என எழுதுவர். அவர் எழுதினால் நாம் பொறுப்போமோ? அரிவாள் தீட்டவும் தேங்காய் உடைக்கவும் மூன்று தெருவிற்கும் பொதுவாய் நின்ற கல், பின்னர்க் காவல் நிலையத்து வழக்கிற்குப் பொருளாகும். இதனைப் பெரியோரிடம் நேரிற் கூறினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "கல்லையாவது கொண்டு வரலாமன்றோ? அங்கே வெயிலிலும் மழையிலும் கிடப்பானேன்?" என்றனர்.

இவ்வினாவிற்கு விடை சிறிது விரிவாகக் கூறவேண்டுவது. கல் நிற்கும் இடம் அக்கல்லின் சாட்சியில் ஒரு பாதி. அது பழைய வழியை ஒட்டி நின்றதா, ஊர் எல்லையில் நின்றதா, ஏரிக்கரையில் நின்றதா என்பன பூசல் எவ்விடத்து நிகழ்ந்தது என்பதற்குக் குறிப்பாகும். அடிமண்ணில் தாழியின் ஓடோ, கருப்பும் சிவப்புமான மட்கலத் துண்டோ கிடைப்பின் அந்நிலத்தின் காலம் வேறு ஆயிரம் ஆண்டு பின்னே செல்லும். பெயர்த்து நகரத்து முன்றிலில் நட்ட பின்னர் அக்கல் ஒரு சிற்பமாக மட்டும் நிற்கும். அன்றியும் கல்லின் ஒரு பகுதி மண்ணுள் புதைந்திருத்தலின், பொறியைக் கொண்டு அசைத்தால் கழுத்தளவில் முறிவதற்கும் இடமுண்டு. சாலை போடுதலாலோ திருட்டினாலோ அழியும் நிலை வந்தால் காட்சிச்சாலைக்குக் கொண்டுசெல்லுதல் முறையே. அதனைத் துறையார் செய்தல் வேண்டும், நாம் அல்லேம்.

இனி நிலத்தாரின் அச்சத்தைப் பற்றி. அது முழுவதும் பொய் என்று கூறமாட்டோம். மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசியச் சிறப்புடையதென அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பலாகாது என்னும் விதி 2010இல் அச்சட்டத்திற் சேர்க்கப்பட்டது. சின்னம் பாழாகும் என்னும் நிலையில் நிலத்தைக் கைக்கொள்ளும் அதிகாரமும் அரசிற்கு உண்டு. ஆனால் ஒரு கல் வெளிப்பட்டது என்ற அளவிலே இவ்விதி பற்றாது. அறிவிப்பதற்கு முன் அரசிதழில் வெளியிட்டு, மறுப்புக் கூற இரண்டு திங்கள் தவணை தரல்வேண்டும். அறிவித்த பின்னும் உடைமை உரியவரிடமே நிற்கும்படி, காப்புரிமையை மட்டும் ஒப்பந்தத்தால் அரசிற்குத் தருதல் கூடும். தமிழ்நாட்டிற்கெனத் தனியே 1966ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றும் உண்டு.

1878ஆம் ஆண்டின் புதையற் சட்டம் மண்ணுள் மறைந்திருக்கும் பொருளைப் பற்றியது. மண்மேல் நிற்கும் கல்லைப் பற்றியதன்று. கிணறு தோண்டுங்கால் காசுக் குடம் கிடைத்தால் மட்டும் ஆட்சியருக்கு அறிவித்தல் கடமை. உரியவர் எவரும் இன்மையும் வேறு உடன்படிக்கை இன்மையும் தெளியப்பட்டால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கும் நிலத்தாருக்கு ஒரு பங்கும் அச்சட்டம் வகுக்கின்றது. நூறாண்டு கடந்த கல்லுருவையும் கல்வெட்டையும் உரிமமின்றி வாணிகம் செய்தலும் தனியார் வெளிநாட்டிற்கு விடுத்தலும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றம். சென்னையிலிருந்து எவரேனும் வந்து நல்ல விலை தருகின்றோம் என்றால் அன்பர்கள் இதனை நினைக்க. இவற்றையெல்லாம் மாமனுக்குத் திண்ணையில் அமர்ந்து வரிவரியாக எடுத்துரைத்தோம். "உடைத்தால்?" என்று அவர் மகன் கேட்டான். உடைத்தவன் பெயரை ஊர் மறவாது என்றோம். மூதாட்டியார் உள்ளிருந்து, "முதலில் நான் மறவேன்" என்றனர்.

இத்தகைய கல் தம் நிலத்தில் உடைய அன்பர்கள் சிலர் எமக்கு முன்னரே எழுதியுள்ளனர். அவர்க்கு வேண்டுவன சில. கல்லிற்குச் சுண்ணாம்பும் வண்ணமும் பூசற்க. எண்ணெய் முழுக்கு நாளடைவில் எழுத்தை அழுக்கால் அடைத்துவிடும். பூவும் நீரும் போதும். எழுத்துத் தெரியவேண்டும் என்று ஆணியாலும் உளியாலும் கீறுதல் பெரும்பிழை. கீறியவன் தான் படித்ததனையே மேலெழுதி விடுகின்றான், பின் வருவோர்க்கு மூலம் இல்லையாகின்றது. படி எடுத்தல் என்பது நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து மை ஒற்றும் பழகிய கையின் தொழில். அதுகாறும் காலையிலும் மாலையிலும் சாய்வெயிலில் கைப்பேசியால் நான்கு படம் எடுத்து, அருகில் ஓர் அளவுகோல் வைத்து, துறையாருக்கு அனுப்பினால் அதுவே பெருந்துணை.

நம் பெரியோர் கார்த்திகையில் எம்முடன் கொல்லைக்கு வந்தனர். கோலூன்றி வரப்பின்மேல் நடந்து, கல்லின்முன் நின்று, பறிந்த பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தனர். எழுத்து நின்ற இடம் இதுதானா என்று மட்டும் வினவினர். திரும்பும் வழியில் கட்டுரையை நீ கண்டபடியே எழுதுக என்றனர்.

ஆழ்துளைக் கிணறு இருபது முழம் கிழக்கே தள்ளி இறங்கிற்று. நீர் உப்பாயினும் கடலைக்குப் போதும். கல்லைச் சுற்றி முள்வேலிக்கு ஈடாக நான்கு பனங்கட்டை நட்டுள்ளனர். தொல்லியல் துறையாருக்கு யாம் படத்துடன் மடல் விடுத்துள்ளோம். தை பிறந்து கடலை பிடுங்கிய பின்னர் அவர்கள் வருவதாயின் நலம் என்று மாமன் கேட்டுக்கொண்டமையால், அதனையும் அம்மடலின் அடியிற் குறித்திருக்கின்றோம்.